மானியத்தில் சேராத உயரம்

மொட்டை மாடியில் சோலார் போடலாம் என்ற எண்ணம் எனக்கு மின்கட்டணத்தால் வரவில்லை. தனியாக இருக்கிற ஒருத்திக்கு என்ன பெரிய கட்டணம் வந்துவிடும்? ஒரு மின்விசிறி, ஒரு ஃபிரிட்ஜ், படிக்க ஒரு விளக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற குறுஞ்செய்தியில் சில சமயம் கட்ட வேண்டிய தொகையே இருக்காது. எண்ணம் வந்தது தம்பி குடும்பத்தால்.

தம்பி சென்னையில் இருக்கிறான். மனைவி, இரண்டு பிள்ளைகள். அம்மா இருந்தவரை வருஷத்துக்கு இரண்டு தடவை எல்லோரும் வந்துவிடுவார்கள். ஒன்று மே மாத லீவுக்கு, இன்னொன்று கார்த்திகையில் மலை உச்சியில் ஏற்றும் தீபத்துக்கு. அம்மா போன பிறகும் முதல் வருஷம் வந்தார்கள். அந்த மே மாதம் மாடி அறையில் சின்னவளுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. ராத்திரியெல்லாம் சிணுங்கினாள். எங்கள் வேங்கிக்காலில் வெயில் காலத்தில் கான்கிரீட் கூரை விடிகிற வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். காலையில் தம்பி மனைவி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணி, இந்த ரூமுக்கு ஒரு ஏசி போட்டீங்கன்னா நாங்க மாசம் பூரா இங்கயே இருந்துடுவோம்" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த மே மாதம் அவர்கள் வரவில்லை. அந்த வருஷத் தீபத்துக்கும் வரவில்லை. பெரியவனுக்குப் பரீட்சை என்றான் தம்பி. அதற்கடுத்த வருஷம் காரணம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காபி டம்ளர் வாக்கியத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். ஏசி போட்டால் வருவார்கள். ஏசி ஓடினால் கட்டணம் ஏறும். என் ஓய்வூதியத்தில் அது மாதாமாதம் உறுத்தும். கூரையிலேயே மின்சாரம் கிடைத்தால் உறுத்தாது. கணக்கு இவ்வளவுதான்.

சித்திரை மாதம், வெயில் நேரத்தில், சோலார் கம்பெனி ஆள் ஒருவர் ஹெல்மெட்டும் ஃபைலுமாக வந்து கேட்டைத் தட்டினார். எங்கள் நகரில் ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். மோர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஃபைலைத் திறந்தார்.

"ஸ்கீம் முடியப் போவுது மேடம். இன்னைக்கு அட்வான்ஸ் குடுத்தீங்கன்னா உங்க பேரு லிஸ்ட்ல ஏறிடும்."

"எந்த லிஸ்ட்ல?"

"கவர்ன்மென்ட் லிஸ்ட்ல."

"அந்த லிஸ்ட்ல ஏறணும்னா கவர்ன்மென்டுக்குத்தானே பணம் கட்டணும். உங்களுக்கு எதுக்கு?"

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். "மேடம் எங்க வேலை பாத்தீங்க?"

"தாலுகா ஆபீஸ்ல."

"அதான். வந்தவங்கள கேள்வி கேட்டே திருப்பி அனுப்பற பழக்கம் போவல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "மானியத்த எல்லாம் நாங்களே பாத்துக்கறோம் மேடம். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். கையெழுத்து போட்டா போதும்."

"ஒண்ணும் செய்யாம கெடைக்கற மானியத்த நான் பாத்ததில்ல. படிச்சுப் பாத்துட்டு சொல்றேன்."

அவர் எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். "வீட்ல வேற யாரும் இல்லீங்களா, முடிவு எடுக்கற மாதிரி?" என்றார். கேலியாகச் சொன்னாரா, உண்மையாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. இல்லை என்றேன்.

அன்று சாயங்காலமே படிக்க உட்கார்ந்தேன். அரசின் இணையதளத்தில் எல்லாம் இருந்தது, தேடிப் படிக்கிற பொறுமைதான் வேண்டும். விண்ணப்பம் முதலில், வேலை அப்புறம். பதிவு செய்த ஒப்பந்தக்காரர்தான் மாட்ட வேண்டும். சோலார் பலகையும் அதற்குள் இருக்கிற செல்லும் இந்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மின்வாரியத்தார் வந்து பார்த்து, போவதையும் வருவதையும் இரண்டையும் கணக்கெடுக்கிற மீட்டரை வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் மானியம், அதுவும் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கே. இந்த வரிசையில் ஒன்று முன்பின்னானாலும் மானியம் கிடையாது. மாவட்டத்தில் பதிவு செய்தவர்களின் பெயர்ப் பட்டியலும் அங்கேயே இருந்தது. மோர் குடித்துப் போனவரின் நிறுவனப் பெயரை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடினேன். இல்லை.

சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று ஒரு திருப்தி. அதைச் சொல்லிக்கொள்ள யாராவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று அப்போது தோன்றியது. தம்பிக்குப் போன் செய்யலாமா என்று யோசித்தேன். அவன் ஆபீஸிலிருந்து வரும் நேரம். செய்யவில்லை.

மறுநாள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு நடந்தே போனேன். கணினியின் முன் இருந்த பெண் என் இணைப்பு எண்ணைத் தட்டினாள்.

"யார் பேர்ல இருக்குது இது?"

"எங்கம்மா பேர்ல."

"அப்ப அவங்கதான் அப்ளை பண்ணணும். கூட்டிட்டு வாங்க."

"அவங்க இல்லீங்க."

அவள் விரல்கள் நின்றன. "சாரி ஆன்ட்டி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மொதல்ல பேர மாத்திடுங்க. இல்லன்னா கடைசில வந்து நின்னுக்கும். பேனல மாட்டிட்டு, பணத்தையும் குடுத்துட்டு, இங்க வந்து அழுவறவங்க ஜாஸ்தி. கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி."

"அவருக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

திரும்பி வருகிற வழியில் நான் துக்கப்பட்டிருக்க வேண்டும். அம்மா பெயர் கடைசியாக இருந்த ஓர் இடத்திலிருந்து அதை எடுக்கப் போகிறேன். ஆனால் அந்த நினைப்பெல்லாம் பிற்பாடு வந்தது. அன்று கலெக்டர் ஆபீஸ் சுற்றுச்சுவர் ஓரமாக நடந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தம்பி வந்து கையெழுத்துப் போட வேண்டும். வேலைக்கு வேலை, வருகைக்கு வருகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். வந்தால் பிள்ளைகளும் வருவார்கள்.

போனில் அப்படித்தான் சொன்னேன். "ஒரு கையெழுத்து போடணும்டா. ஞாயித்துக்கிழமை எல்லாருமா வந்துட்டுப் போங்களேன்."

"என்னாத்துக்குக்கா?"

சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். பக்கத்தில் டிவி ஓடுகிற சத்தம்.

"இதுக்கு எதுக்குக்கா அங்க வரணும்? எங்க ஆபீஸ் கீழயே நோட்டரி இருக்காரு. என்னா எழுதணும்னு வாட்ஸப்புல அனுப்பு, முடிச்சு கொரியர் பண்ணிடறேன்."

அனுப்பினேன். அந்த வாரமே கொரியர் வந்துவிட்டது. முத்திரைத்தாள், நோட்டரி முத்திரை, தம்பியின் கையெழுத்து, அடையாள அட்டை நகல், எல்லாம் ஒழுங்காக. நான் சொல்லாத ஒரு நகலைக்கூட யோசித்துச் சேர்த்திருந்தான். உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். வேறொன்றும் இல்லை.

தாலுகா அலுவலகத்தில் வாரிசு விவகாரக் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போகும். ஒரு வீட்டுக்காக, ஒரு கிணற்றுப் பங்குக்காக, ஒரு வேப்ப மரத்துக்காக அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டு வருவதைத் தினமும் பார்த்தவள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒருவர், போட்டால் எனக்கு என்ன தருவாய் என்று இன்னொருவர். என்ன ஜனங்கள் என்று மனசுக்குள் சலித்துக்கொள்வேன். அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது அவர்களைப் பற்றி வேறு விதமாகத் தோன்றியது. சண்டை போடவாவது ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மதியமானால் எதிர்க்கடையில் ஒரே மேஜையில் தக்காளி சாதம் சாப்பிட்டுவிட்டு, திரும்ப வந்து திட்டிக்கொண்டார்கள். என் தம்பிக்கு என்மேல் எந்த வருத்தமும் இல்லை. வீட்டில் பங்கு வேண்டும் என்றுகூட அவன் நினைக்கவில்லை. அவனுக்கு இங்கே வேண்டியது எதுவும் இல்லை.

ஆடி பிறப்பதற்குள் இணைப்பு என் பெயருக்கு மாறியது. விண்ணப்பம் போட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். ஒப்பந்தக்காரரைத் தேட வேண்டியதுதான் பாக்கி. பட்டியலில் இருந்தவர்களுக்கு வரிசையாகப் போன் செய்து எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: மானியம் வராமல் போனால் என்ன செய்வீர்கள்? கண்டிப்பாக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் மட்டும், "எந்த எடத்துல நின்னுதுன்னு பாக்கணும் மேடம். என்னால நின்னுதுன்னா நான் அலையறேன், உங்க பேப்பரால நின்னுதுன்னா நீங்க அலையுங்க" என்றார். அவரை வரச் சொன்னேன்.

சனிக்கிழமை வருகிறேன் என்றவர் வரவில்லை. போன் செய்தால், "இன்னைக்குப் பௌர்ணமி மேடம். பஸ்ஸு, வேன் எல்லாத்தையும் வேங்கிக்காலுக்கு முன்னாடியே நிறுத்திடறான். அங்கருந்து உங்க வீட்டுக்கு நடக்கறதுக்கு, நான் கிரிவலமே போயிட்டு வந்துடலாம். புண்ணியமாவது கெடைக்கும்" என்றார்.

திங்கட்கிழமை வந்தார். என் வயதை ஒட்டியவர், வெள்ளைச் சட்டை, காதில் பேனா. மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்கினார். மேலே வந்ததும் அளவு நாடாவை எடுக்கவில்லை. தெற்கே திரும்பி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அப்புறம்தான் கூரையைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்து மொட்டை மாடிகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஓர் ஒழுங்கு இருக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் காரணம் புரியாது. தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடுகிற கொடி, உடைந்த நாற்காலி, பூந்தொட்டி எல்லாம் வடக்கு ஓரமாக நெருக்கிக்கொண்டு கிடக்கும். தெற்குப் பாதி துடைத்து விட்டது போலக் காலியாக இருக்கும். எங்களுக்கு மலை தெற்கும் மேற்கும் கூடுகிற பக்கம். தீபத்தன்று வீட்டார் எல்லோரும் நிற்கிற இடம் அது. ஒரே ஒரு சாயங்காலத்துக்காக வருஷம் முழுக்க அந்த இடத்தில் யாரும் எதையும் வைப்பதில்லை.

"இங்கதான் போடணும் மேடம்" என்று அந்தக் காலி இடத்தைக் காட்டினார். "தெக்குப் பாத்த வெயில். வேற எடமே கெடையாது."

"அது தீபம் பாக்கற எடம். வடக்கால போட முடியாதா?"

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. வேங்கிக்கால்ல நான் போட்ட வீட்ல பாதி அப்படித்தான். தீபம் தெரியணும்னு வடக்கால தள்ளிப் போடச் சொல்றாங்க. மாடிப்படி ரூமோட நிழல் மத்தியானம் பூரா பேனல் மேலயே விழுவுது. அப்புறம் கரண்ட் கம்மியா வருது, நீ ஏமாத்திட்டனு எனக்கே போன் பண்ணித் திட்டறாங்க. ஒரு நாள் வெளக்குக்காக வருஷம் பூரா வெயில விடறது இந்த ஊர்ல மட்டும்தான் நடக்கும்."

"அப்ப என்ன செய்யலாம்?"

"ஆள் ஒசரத்துக்கு மேல கம்பி நட்டு, அதுக்கு மேல பேனல ஏத்தலாம். அடியில நின்னு பாத்துக்கலாம். ஆனா இரும்பு ஜாஸ்தி ஆவும். அதுக்கு மானியம் கெடையாது மேடம். மானியம் கிலோவாட்டுக்குத்தான், ஒசரத்துக்கு இல்ல."

அது எனக்கும் தெரியும். விதிகளில் படித்திருந்தேன். ஆனால் அந்த விதி எனக்காக எழுதப்பட்டது என்று அப்போது தோன்றவில்லை.

அவர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். "தீபத்தன்னைக்கு எத்தினி பேர் நிப்பீங்க? அதுக்குத் தகுந்த மாதிரி எடம் விட்டு கம்பி நடறேன். ஒரு ரெண்டு பேர்னா ஓரமா சந்து மாதிரி விட்டுட்டு, பேனல தரையோட படுக்க வெச்சுடலாம். செலவே இல்ல. கூட்டமா வருவாங்கன்னா ஏத்தித்தான் ஆவணும்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஒரு சின்னக் கேள்விக்கு நாளைக்கு என்று ஏன் சொல்கிறேன் என்று அவர் பார்த்தார். கீழே இறங்கும்போது, "பசங்க வெளியூரா?" என்று மட்டும் கேட்டார்.

"தம்பி. மெட்ராஸ்ல."

"மெட்ராஸ் என்னா, ஒரு பஸ்ஸு தூரம்" என்றார்.

அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்தேன். வேறெதுவும் பேசாமல் நேராகவே கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை நான் அவனிடம் கேட்டதே இல்லை.

"தீபத்துக்கு வருவீங்களா? வருவீங்கன்னா பேனல ஒசத்திப் போடச் சொல்லணும். இல்லன்னா கீழயே போட்டுடலாம்னு சொல்றாரு."

"அது எந்தத் தேதிக்கா வருது?"

சொன்னேன். அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியிடம் கேட்பது மங்கலாகக் கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. நீளமாக ஏதோ சொன்னாள், கோபமாக இல்லை. சின்னவள் குறுக்கே புகுந்து பூரி வேண்டும் என்றாள். அப்புறம் அவன் கையை எடுத்தான்.

"பாக்கலாம்க்கா. இன்னும் நாளு இருக்குதில்ல."

"சரிடா" என்றேன்.

ஒப்பந்தக்காரரிடம் மறுநாள் உயர்த்திப் போடச் சொன்னேன். நாலைந்து பேர் தாராளமாக நிற்கிற மாதிரி, மலைப் பக்கம் குறுக்குக் கம்பி எதுவும் கண்ணில் படாமல். கணக்கை எழுதிக் காட்டினார். வரப்போகிற மானியத்தில் பெரும் பகுதி அந்தக் கம்பிகளுக்கே போய்விடும்.

"இத்தினி மாசமா ஒவ்வொரு ரூலா படிச்சு, என்னையும் நாலு கேள்வி கேட்டு, கடைசில வர்ற காச கம்பியில விடறீங்களே மேடம்" என்றார்.

"வரேன்னு சொல்லியிருக்காங்க" என்றேன்.

தம்பி அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

புரட்டாசியில் வேலை முடிந்தது. மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்தார்கள், மீட்டரை மாற்றினார்கள். எதுவும் எந்த இடத்திலும் நிற்கவில்லை. ஐப்பசி மழைக்கு நடுவில் ஒரு காலையில் மானியம் வங்கியில் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்தது. மாடி அறையில் ஏசியும் மாட்டினேன். படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பகல் ஏசியை ஓட்டிவிட்டு அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. சால்வையைப் போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் படித்தேன். பிறகு அணைத்துவிட்டேன்.

கார்த்திகை பிறந்து கோயிலில் கொடியேறியது. தீபத்துக்கு முந்தின நாள் தம்பி கூப்பிட்டான். பெரியவனுக்கு ஸ்பெஷல் கிளாஸ். ஊருக்குள் வண்டியே விட மாட்டார்கள் என்று செய்தியில் சொல்கிறார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் எப்படி. அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் ஆமாம், ஆமாம் என்றேன். எல்லாமே நியாயமான காரணங்கள். ஒரு மனுவில் இருந்திருந்தால் நானே பரிந்துரை எழுதி மேலே அனுப்பியிருப்பேன்.

தீபத்தன்று மழைத் தூறல். அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக வைத்துவிட்டு, விளக்குகளை அணைத்துவிட்டு மேலே போனேன். எங்கள் நகர் முழுக்க இருட்டு. மலையில் ஏற்றிய பிறகுதான் வீடுகளில் ஏற்றுவோம். ஒவ்வொரு மாடியிலும் நிழல் நிழலாக ஆட்கள். குடைகளை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார்கள். என் தலைக்கு மேல் பலகைகளில் தூறல் தட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு சொட்டு விழவில்லை. நல்ல வேலைதான் செய்திருந்தார். நாலைந்து பேர் தாராளமாக நிற்கலாம்.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா, மாடியிலயா இருக்க? நாங்க எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்துட்டோம். உன்கூட சேர்ந்து பாக்கலாம்னு சின்னவதான் போன் போடச் சொன்னா."

"அத்தை, மழையா அங்க?" என்றாள் சின்னவள்.

"தூறல்தான் கண்ணு. நான் நனையல."

ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். டிவியின் மேளச் சத்தமும் வர்ணனையும் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தன. தம்பி மனைவி, "அண்ணி, ஸ்வெட்டர் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். போட்டிருக்கிறேன் என்றேன். அப்புறம் எல்லோரும் காத்திருந்தோம்.

மேகம் விலகின இடத்தில், மலை உச்சியில், ஒரு துளி வெளிச்சம் வந்தது. ஒரு கணம் தடுமாறி, நிமிர்ந்து, பெரிதாகி நின்றது. ஊர்ப்பக்கமிருந்து அரோகரா என்று ஓர் இரைச்சல் எழுந்து மாடி மாடியாகத் தாவி எங்கள் தெருவைத் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டில் பட்டாசு வெடித்தது. நான் ஒரு கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டேன். இன்னொரு கையில் போன்.

போனில் மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. வர்ணனையாளர், இன்னும் சில நொடிகளில், இன்னும் சில நொடிகளில் என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிவியில் வருவது இங்கே நடப்பதற்குக் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு பிந்தும் என்று தெரியாது. எங்கள் தெருவில் கதவுகளைத் திறந்துகொண்டு அகல்களோடு பெண்கள் வெளியே வர ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு முன்னால் மலை எரிந்துகொண்டிருந்தது. தம்பி வீட்டில் எல்லோரும் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஏத்திட்டாங்கடா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அப்புறம் போனுக்குள் அதே அரோகரா சின்னதாக எழுந்தது. சின்னவள் கை தட்டினாள்.

"அக்கா, ஏத்திட்டாங்க பாரு" என்றான் தம்பி. "உனக்குத் தெரியுதா?"

"தெரியுதுடா" என்றேன். "இப்பதான்."